தப்புக் கணக்கின் நியாயம்

52-இலிருந்து 37-ஐக் கழிக்கச் சொன்னால் சில பிள்ளைகள் 25 என்று எழுதுகிறார்கள். சரியான விடை 15. ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு கிழிப்பார், ‘கவனமே இல்லை’ என்பார், அந்தக் கணக்கின் கதை அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதே நோட்டில் அடுத்த இரண்டு கணக்குகளையும் பார்க்க வேண்டும். 81-இல் 46 போக 45 என்று இருக்கிறது. 90-இல் 24 போக 74 என்று இருக்கிறது. கவனக்குறைவுதான் காரணம் என்றால் விடைகள் கண்டபடி சிதறியிருக்கும். இவை சிதறவில்லை. மூன்று கணக்கிலும் பிள்ளை ஒரே விதியைப் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது: எந்த இலக்கம் மேலே, எது கீழே என்று பார்க்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது. 2-இல் 7 போகாது, 7-இல் 2 போகும், ஆகவே 5.

விதி தவறானது. ஆனாலும் அது விதிதான். அதை உண்டாக்கியது சோம்பேறித்தனம் இல்லை, யோசனை. கணிதம் கற்பிப்பதில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய அதிசயமும் மிகப் பெரிய சவாலும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. பிள்ளைகளின் தப்பு விடைகளில் பெரும்பகுதி யோசித்துப் போட்டவை. அந்த யோசனையைப் படிக்கத் தெரிந்தவர் கையில் பாதி மருந்து வந்துவிடுகிறது.

இதை முறையாக ஆராய்ந்து காட்டியவர்களில் முக்கியமானவர்கள் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கக் கணினி அறிவியலாளர்கள். 1978-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் கழித்தல் விடைகளைக் கணினியில் போட்டு அலசியது. மென்பொருளில் வரும் பிழையை ‘பக்’ என்பார்கள். ஒரு நிரலில் ஒரே ஒரு வரி பிசகினால் நிரல் முழுக்கக் குழம்பாது. குறிப்பிட்ட வகை உள்ளீட்டுக்கு மட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தப்பான விடை தரும். பிள்ளைகளின் கழித்தலும் அப்படியே இருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். சரியான வழிமுறையில் ஒரு படி மாறியிருக்கும், மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கும். அப்படிப்பட்ட பிசகுகளைத் தொகுத்துப் ‘பக்கி’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினார்கள். கணினி, ஒரு பிசகு கொண்ட மாணவனாக நடிக்கும். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர் கணக்குகளைக் கொடுத்துக்கொண்டே போய், அந்த மாணவன் மனதில் என்ன விதி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்களும் ஒன்றை முயலலாம். 305-இல் 148 போக 257 என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். சரியான விடை 157. எங்கே பிசகியது? ஒன்றின் இடத்தில் 5-இல் 8 போகாது, கடன் வாங்க வேண்டும். பக்கத்தில் பூச்சியம். பூச்சியத்தில் கடன் வாங்கினால் அது 9 ஆகும் என்று அவளுக்கு நினைவிருக்கிறது. 15-இல் 8 போக 7. 9-இல் 4 போக 5. அந்த 9 எங்கிருந்து வந்தது, நூறின் இடத்திலிருந்து ஒன்றை உடைத்ததால் அல்லவா வந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே 3 அப்படியே நிற்கிறது. மூன்று படிகளில் இரண்டரைப் படி சரி. சிவப்புக் கோடு போட்டவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

1980-இல் பிரவுனும் கர்ட் வான்லேனும் சேர்ந்து இன்னும் ஆழமாகப் போனார்கள். இந்தத் தப்பு விதிகளை யாரும் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருவதில்லையே, பிறகு எப்படி வருகின்றன? பிள்ளை வழியில் சிக்கிக்கொள்கிறது. நிறுத்திவிட்டுக் கைகட்டி உட்காராமல், தெரிந்த அறிவை வைத்து அந்த இடத்தை ஒட்டுப்போட்டுக் கடக்கிறது. சில ஒட்டுகள் மறுநாளே மாறிவிடுகின்றன. இன்று ஒரு பிசகு, நாளை அதே இடத்தில் வேறொரு பிசகு. சில நிலைத்துப்போய், வருடக்கணக்கில் உடன் வருகின்றன.

கழித்தலில் மட்டும் இது நின்றிருந்தால் பரவாயில்லை. மேல் வகுப்புகளில் முளைக்கும் பல தப்பு விதிகளுக்கு விதை போட்டவர்கள் நாம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகவே போகாது’ என்று இரண்டாம் வகுப்பில் அடித்துச் சொல்கிறோம். ஆறாம் வகுப்பில் முழுக்கள் வரும்போது 3-இல் 7 போக −4 என்கிறோம். ‘பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்’ என்று பழக்குகிறோம். பின்னம் வந்ததும் 8-ஐ அரையால் பெருக்கினால் 4 ஆகிக் குறைகிறது, 8-ஐ அரையால் வகுத்தால் 16 ஆகிக் கூடுகிறது. ‘பத்தால் பெருக்க, பின்னால் ஒரு பூச்சியம் போடு’ என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை, 2.5-ஐப் பத்தால் பெருக்கி 2.50 என்று எழுதுகிறது; சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. அன்றைய கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாம் கொடுக்கும் குறுக்குவழிகள் எல்லாம் ஒருநாள் காலாவதியாகின்றன. காலாவதி ஆகும் நாளை மட்டும் பிள்ளையிடம் சொல்வதில்லை.

சமக்குறிக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 + 4 = ▢ + 5 என்று எழுதி, கட்டத்தில் வரவேண்டிய எண் எது என்று ஒன்று முதல் ஆறு வரையிலான வகுப்புகளில் கேட்டார்கள். விடை 7. ஆறாம் வகுப்பில் கேட்கப்பட்ட 145 பேரில் ஒருவர்கூட 7 என்று சொல்லவில்லை. ஏறக்குறைய எல்லாரும் 12 என்றோ 17 என்றோதான் சொன்னார்கள். இடப்பக்கம் கணக்கு, வலப்பக்கம் விடை என்றே ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சமக்குறி, ‘இதோ விடையை எழுது’ என்ற கட்டளையாகிவிட்டது. இரு பக்கமும் ஒரே அளவு என்ற பொருள் மறைந்துபோனது. இந்தப் பிள்ளைகள் அடுத்த ஓரிரு வருடங்களில் இயற்கணிதத்தில் நுழைந்து 2x + 3 = x + 8 என்ற சமன்பாட்டைச் சந்திக்கப்போகிறார்கள். அங்கே அவர்கள் தடுமாறினால் பழி x மீது விழும். குற்றம் x-இனுடையது இல்லை. மருந்தும் எளிது: முதல் வகுப்பிலிருந்தே 7 = 3 + 4 என்றும், 5 + 2 = 3 + 4 என்றும் எழுதிக் காட்டினால் போதும்.

தசம எண்களில் இன்னும் நுட்பமான ஒன்று நடக்கிறது. 0.35, 0.8 இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பல பிள்ளைகள் 0.35 என்கிறார்கள். 35 பெரியது, 8 சிறியது. முழு எண்ணில் அத்தனை வருடம் உதவிய அறிவு இது. இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. அவர்களுக்குப் புள்ளிக்குப் பிறகு இலக்கம் குறைந்த எண்தான் எப்போதும் பெரியது: 0.3 என்பது 0.35-ஐ விடப் பெரியது. கேட்டால் காரணம் சொல்வார்கள், நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கைவிடச் சின்னது அல்லவா என்று. அந்தக் காரணம் சரி, முடிவு தப்பு. கவனியுங்கள், 0.35-ஐயும் 0.8-ஐயும் கேட்டால் இந்த இரண்டாவது கூட்டம் 0.8 என்று சரியாகச் சொல்லிவிடும், முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கே ஸ்டேசி, விக்கி ஸ்டைன்லே ஆகியோர் இதற்காகவே இணை இணையாகத் தசம எண்களைத் தேர்ந்து ஒரு சோதனை அமைத்தார்கள். விடை சரியா தப்பா என்பது அதில் இரண்டாம் பட்சம். எந்தெந்த இணைகளில் சரி, எவற்றில் தப்பு என்ற வரிசையைப் பார்த்தால் மாணவர் மனதில் ஓடும் விதி தெரிந்துவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தசமப் புள்ளி வகுப்பறைக்கு வருமுன்பே வேறு உருவங்களில் அறிமுகமாகிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் 19.3 ஓவர் என்றால் 19 ஓவரும் 3 பந்தும். இன்னும் மூன்று பந்து வீசினால் 20 ஓவர். அதாவது அங்கே 19.3-உம் 0.3-உம் சேர்ந்து 20. ஓவருக்கு ஆறு பந்து என்பதால் 19.7 என்ற எண்ணே அங்கு கிடையாது. உயரத்தை 5.10 என்று எழுதினால் ஐந்தடி பத்து அங்குலம், அவர் 5.9 உயரமுள்ளவரைவிட ஓர் அங்குலம் கூடுதல். கணக்குப் புத்தகத்திலோ 5.10 என்பது 5.9-ஐ விடச் சிறியது. எட்டரை ரூபாயை 8.5 என்று எழுதினால் எட்டு ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கும் பிள்ளைக்கும் இதே குழப்பம்தான். இந்தப் புள்ளிகள் எல்லாம் இரண்டு அளவுகளைப் பிரித்துவைக்கும் வேலி மட்டுமே. தசமப் புள்ளியோ இடமதிப்பைத் தொடர்ந்து வலப்பக்கம் கொண்டுசெல்வது. கிரிக்கெட் ஸ்கோரையும் உயரத்தையும் கரும்பலகையில் எழுதி, ‘இவை ஏன் தசம எண்கள் இல்லை?’ என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசவிட்டால், தசமம் என்றால் என்ன என்பதே அந்த விவாதத்தில் பிறந்துவிடும். பல பாடப் புத்தகங்கள் இதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

பின்னத்துக்கு வருவோம். கணக்கைக் கைவிடும் பிள்ளைகள் பலர் கைவிடுவது இங்கேதான். 1978-இல் அமெரிக்க அரசின் தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம், 12/13-உம் 7/8-உம் கூட்டினால் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். 1, 2, 19, 21 ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு எண்களுமே ஏறக்குறைய ஒன்று. கூட்டினால் ஏறக்குறைய 2. அந்த விடையைச் சொன்னவர்கள் 24 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். தொகுதிகளைக் கூட்டினால் 19. பகுதிகளைக் கூட்டினால் 21. அவர்கள் கண்ணுக்குப் பின்னம் என்பது ஓர் எண்ணாகவே படவில்லை. கோட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண், அவ்வளவுதான்.

இதில் வட்டங்களுக்கும் பங்குண்டு. ஒரு வட்டத்தை நான்காகப் பிரித்து மூன்றுக்கு வண்ணமடித்தால் முக்கால் என்று காட்டுகிறோம். நல்ல தொடக்கம். அதிலேயே நின்றுவிட்டால் 5/3 வரும்போது பிள்ளை திகைக்கிறது: மூன்றாக வெட்டியதில் ஐந்து துண்டு எப்படி எடுப்பது? எண்கோட்டில் வைத்தால் இந்தத் திகைப்பு எழாது. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே முக்கால் ஓரிடத்தில் இருக்கிறது. ஒன்றைத் தாண்டி, இரண்டுக்கு முன்னால் 5/3 இருக்கிறது. 12/13 ஒன்றை ஒட்டி நிற்கிறது. பின்னத்துக்கு ஓர் இடம் கிடைத்ததும் அது எண்ணாகிவிடுகிறது. ராபர்ட் சீக்லரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கா, பிரிட்டன் இரு நாடுகளிலும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டப்பட்ட மாணவர் தரவுகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பத்து வயதில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு புரிந்திருக்கின்றன என்பதே, உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பிள்ளையின் கணிதம் எப்படியிருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்கிறது. குடும்ப வருமானம், அறிவுத்திறன் முதலியவற்றைக் கழித்துப் பார்த்தாலும் இந்தத் தொடர்பு நிற்கிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பின்னத்தைத் தயங்காமல் கையாண்டன. எண்சுவடியில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று தொடங்கி முந்திரி வரை பின்னங்களுக்கு வாய்ப்பாடு இருந்தது. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. ஆக முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. நெல்லும் நிலமும் பொன்னும் அளந்த சமூகத்துக்கு அவை அன்றாட எண்கள். அந்தப் பள்ளிகளின் மனப்பாடத்தையும் பிரம்பையும், எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் உள்ளே விடாத வாசலையும் நான் திரும்பக் கேட்கவில்லை. பின்னத்தை அளக்கக்கூடிய ஒரு பொருளாக அந்தப் பிள்ளைகள் முதலில் சந்தித்தார்கள், அது மட்டும் இன்றும் வேண்டும்.

இதுவரை தப்பு விடைகளைப் பற்றியே பேசினோம். சரியான விடைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தை உலகுக்குக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், தன் கட்டுரையில் பென்னி என்று பெயரிட்ட 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார். பென்னியின் பள்ளியில் தனியாள் கற்றல் திட்டம் நடந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித்தாள்களைப் போட்டு, தேர்வு எழுதி, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த தாளுக்குப் போகலாம். திருத்துவது விடைக்குறிப்பை வைத்து. ஆசிரியரோடு கணக்கைப் பற்றிப் பேச வேண்டிய தேவை அநேகமாக இல்லை. பென்னி மளமளவென்று முன்னேறினான். வகுப்பில் கணக்கு நன்றாக வரும் பையன்களில் ஒருவனாகக் கருதப்பட்டான்.

எர்ல்வாங்கர் அவனை உட்காரவைத்து, ஒவ்வொன்றையும் எப்படிப் போட்டாய் என்று கேட்டார். 5/10-ஐத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.5 என்றான். ஐந்தும் பத்தும் பதினைந்து, நடுவில் ஒரு புள்ளி. 4/11-உம் 1.5, 11/4-உம் 1.5. 400/400 என்றால் 8.00. 0.3-உம் 0.4-உம் கூட்டினால் 0.07 என்றான், இரண்டு எண்களிலும் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம், ஆகவே விடையில் இரண்டு. பெருக்கலுக்கு உரிய விதி அது, கூட்டலுக்கு வந்து குடியேறிவிட்டது. எல்லாவற்றையும் அவன் தயக்கமில்லாமல் விளக்கினான். விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத இடங்களில், ஒரே விடையைப் பல விதமாக எழுதலாம், விடைக்குறிப்பில் அவற்றில் ஒன்றுதான் அச்சாகியிருக்கிறது என்று நினைத்தான். அந்த ஒன்று கிடைக்கும்வரை மாற்றி மாற்றி எழுதினான். கணிதம் என்பது யாரோ எப்போதோ போட்டுவைத்த விதிகளின் குவியல். அதற்குள் சரியானதைத் துழாவி எடுப்பது தன் வேலை. இதுவே அவனுடைய புரிதல்.

ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இந்தப் பையனை இன்று அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பச்சை டிக், சிவப்புப் பெருக்கல், நட்சத்திரம், அடுத்த நிலை என்று ஓடும் செல்பேசிச் செயலிகளிடம் பல பெற்றோர்கள் கணக்கை ஒப்படைத்துவிட்டார்கள். பயிற்சிக்கு அவை உதவலாம். ஆனால் சரியா தப்பா என்று மட்டும் பார்க்கும் எந்தக் கருவியும், மனிதரோ இயந்திரமோ, பென்னிகளை உருவாக்கியே தீரும்.

பிள்ளையின் யோசனையைப் படிக்க, ஆசிரியருக்கு அந்தக் கணக்கு அடிவரை தெரிந்திருக்க வேண்டும். 1999-இல் வெளிவந்த லிப்பிங் மாவின் நூல் இதைப் பற்றியது. 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் அவர் கேட்ட ஒரு கேள்வி: ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் எவ்வளவு? அதற்குப் பொருந்தும் ஒரு வாழ்க்கைக் கணக்கைச் சொல்லுங்கள். விடை மூன்றரை. ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் மூன்று பாட்டில் நிரம்பி நான்காவதில் பாதி இருக்கும். அமெரிக்க ஆசிரியர்களில் ஒரே ஒருவர்தான் பொருத்தமான கணக்கைச் சொன்னார். மற்றவர்களில் பலர் ஒன்றே முக்காலை இருவருக்குப் பங்கிட்டார்கள். அது அரையால் வகுப்பது இல்லை, இரண்டால் வகுப்பது. சீன ஆசிரியர்களில் 65 பேர் சரியாகச் சொன்னார்கள். இதில் வியப்பு என்னவென்றால், பள்ளி, கல்லூரிப் படிப்பின் ஆண்டுக்கணக்கில் சீன ஆசிரியர்கள்தான் பின்தங்கியவர்கள். ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்பும் இரண்டு மூன்று ஆண்டுப் பயிற்சியும் மட்டுமே பெற்றவர்கள். அவர்களுக்கு இருந்தது, பாடப் புத்தகத்தை வரிவரியாகச் சேர்ந்து படித்து, சக ஆசிரியர்களோடு கணக்கைப் பற்றிப் பேசும் பழக்கம்.

ஜப்பானிய வகுப்பறையில் இந்தப் பேச்சு மாணவர்களுக்கும் நீள்கிறது. 1990-களில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய நாடுகளின் எட்டாம் வகுப்புக் கணித வகுப்புகளைப் படம்பிடித்து ஒப்பிட்ட ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஜப்பானிய ஆசிரியர் பல நேரம் ஒரே ஒரு கணக்கைத்தான் கொடுப்பார். மாணவர்கள் போட்டுப் பார்ப்பார்கள். அவர் வரிசைகளுக்கிடையே நடந்து யார் எந்த வழியில் போகிறார்கள் என்று குறித்துக்கொள்வார். பிறகு வெவ்வேறு வழிகள் கரும்பலகைக்கு வரும். எது ஏன் சரி, எது எங்கே முட்டுகிறது என்று வகுப்பே பேசும்.

நாற்பது பிள்ளைகளும், ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளும், முடித்தே ஆகவேண்டிய பாடப்பகுதியும் உள்ள நம் ஆசிரியர்களிடம் இதைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனாலும் முழுவதும் முடியாததில்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் அப்போது பணியாற்றிய ஆர். ராமானுஜம் தலைமையில் தேசியக் கலைத்திட்டம் 2005-க்காகத் தயாரான கணிதக் கல்வி அறிக்கை, பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதன்மை நோக்கம் என்றும், பயமும் தோல்வியுணர்வும்தான் பெரிய நோய் என்றும் தெளிவாகவே சொன்னது. வாரத்துக்கு ஒரு கணக்கை இதற்கென்று ஒதுக்கலாம். பெயர் சொல்லாமல் ஒரு தப்பு விடையைப் பலகையில் எழுதி, ‘இதைப் போட்டவர் என்ன நினைத்திருப்பார்?’ என்று கேட்கலாம். யார் தப்புச் செய்தது என்ற கேள்வி அப்போது வகுப்பை விட்டு வெளியேறிவிடும். தேர்வுக்கு நூறு கணக்கு போடுவதற்குப் பதிலாக, பிசகுகளைப் பிரித்துக் காட்டும் ஐந்து கணக்குகளை ஆசிரியர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கலாம். 52-இல் 37-உம், 305-இல் 148-உம் அந்த ஐந்தில் இடம்பெறத் தகுந்தவை.

வீட்டில் ஆறாவது, ஏழாவது படிக்கும் பிள்ளை இருந்தால் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்: 0.35, 0.8 இரண்டில் எது பெரியது? பிறகு 0.3, 0.35 இரண்டில் எது பெரியது? விடை வந்ததும் சரி, தப்பு என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ‘எப்படிக் கண்டுபிடிச்சே?’ என்று கேளுங்கள், பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். விடை சரியாக இருந்தாலும் கேளுங்கள்.